தின்னர் வேலையும் கொழுப்புக் கல்லீரலும்: வைட்டமின் ஈ மட்டும் போதுமா?

ஸ்ப்ரே அறையில் தினமும் தின்னர் (பெயிண்டை இளக்கும் கரைப்பான்) புழங்கும் உங்களுக்குக் கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது, வைட்டமின் ஈ மாத்திரை மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தின்னர் ஆவி தினமும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது மாத்திரையை மட்டும் நம்பாதீர்கள்.

குடிப்பழக்கம் இல்லை, சர்க்கரை இல்லை, எடையும் சரி என்கிறீர்கள். அப்படியானால் என் முதல் சந்தேகம் அந்த ஸ்ப்ரே அறைதான். டைமெத்தில்ஃபார்மமைடு போன்ற கரைப்பான்கள் கல்லீரலைக் கெடுக்கும். வெறுங்கையால் துடைத்தால் தோல் வழியாகவும் இறங்கும். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது.

டப்பா லேபிளைப் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் காலத்துக்கு அந்த வேலையிலிருந்து விலகியிருந்து ஏஎல்டி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மறுபடி பாருங்கள். இறங்கினால் நல்ல துப்பு. இறங்காவிட்டாலும் சந்தேகம் தீர்ந்துவிடாது.

2010 ஆய்வில் தினம் 800 யூனிட் வைட்டமின் ஈ, 96 வாரம் கொடுத்தார்கள். கல்லீரல் அழற்சி குறைந்தது, தழும்பு குறையவில்லை. ஆண்களுக்கு 400 யூனிட்டிலேயே புராஸ்டேட் புற்றுநோய் அபாயம் கூடியதாக 2011இல் தெரிந்தது. தயவுசெய்து நீங்களாகத் தொடங்காதீர்கள்.