ஃபாரா சட்டத்தில் பதிவு செய்தால் உளவாளி என்று பெயராகிவிடுமா?

வெளிநாட்டுச் சுற்றுலா வாரியத்துக்காக அமெரிக்காவில் விளம்பர வேலை செய்கிறேன், ஃபாராவில் (வெளிநாட்டுக்காக அங்கே வேலை செய்பவர்கள் பதிவு செய்ய வேண்டிய 'ஃபாரின் ஏஜென்ட்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் ஆக்ட்') பதிவு செய்யச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். க்ரீன் கார்டு கவலைதானே? எனக்கும் இருந்தது.

வாஷிங்டன் பக்கம் ஒரு சின்ன பி.ஆர். (மக்கள் தொடர்பு) நிறுவனத்தில் இருந்தேன். ஒரு குட்டித் தீவு நாட்டின் சுற்றுலாத் துறைதான் வாடிக்கையாளர். குமாஸ்தா வேலைக்கு விலக்கு உண்டு, உனக்குக் கிடையாது என்று வக்கீல், ஊழியர்கள் தனித்தனியாக நிரப்ப வேண்டிய ஃபாரா படிவமான ஷார்ட் ஃபார்மை நீட்டினார். அதில் சம்பளத்துக்கு ஒரு கட்டம். அப்பாவியாக எழுதிக் கொடுத்தேன். அதை அமெரிக்க அரசின் நீதித்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

தேடியது என் மச்சினன். தேங்க்ஸ்கிவிங் அன்று பிரியாணித் தட்டோடு வந்து, "மாமா, நீங்க ஃபாரின் ஏஜென்டாமே?" என்றான். மாமனார் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். 1938-இல் நாஜிப் பிரச்சாரத்துக்கு எதிராக வந்த சட்டம், பெயர்தான் அப்படி என்று நான் விளக்கி முடிப்பதற்குள் சம்பளத்தையும் வாசித்துவிட்டான். பெண் பார்க்கப் போனபோது எங்கள் வீட்டார் சொன்ன தொகை வேறு.

என் வருமானத்தைத் துருவிய இந்த மச்சினன் கார் வாங்க என்னிடம் வாங்கிய 3,000 டாலர் நான்கு வருடமாக நிற்கிறது. அதற்கு ஒரு படிவமும் கிடையாது.

'லாபிக்காரனுக்கு (காசு வாங்கிக்கொண்டு அரசிடம் பரிந்து பேசுகிறவனுக்கு) வக்காலத்தா' என்று வரப்போகிறவர்களுக்கு: நான் விற்றது கடற்கரை. தவிர, இந்தச் சட்டம் லாபி செய்யாதே என்று சொல்லவில்லை, யாருக்காகப் பேசுகிறாய், யார் காசு என்பதைச் சொல் என்கிறது. சொல்லாமல் மாட்டியவர், அரசியல்வாதிகளுக்குத் தேர்தல் நிதி திரட்டிக் கொடுத்த அமெரிக்கர் இமாத் சூபேரி. 2014-இல் வாஷிங்டனில் இலங்கை அரசின் பெயரைச் சரிசெய்து தருவதாக 85 லட்சம் டாலருக்குப் பேசி, 65 லட்சம் வாங்கி, பெரும்பகுதியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தப் பெயர் ஏன் கெட்டிருந்தது என்று தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரி ஏய்ப்பு, தேர்தல் நிதி மோசடி எல்லாம் சேர்த்து 2021-இல் 12 வருடத் தண்டனை.

சரி, நீங்கள் 10 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். விளம்பரங்களில் யார் சார்பில் என்ற வரி கண்ணில் படும்படி இருக்க வேண்டும். நான் ஒருமுறை வெள்ளை மணல் படத்தின் மேல் அதை வெள்ளை எழுத்தில் போட்டு, வக்கீலிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.