வூடாங் மலைக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் உள்ள வூடாங், தாவோ சமயத்தாரின் பெருந்தலம். அதன் பழங்கோயில்களை யுனெஸ்கோ 1994-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த மலையில் பலமுறை ஏறி இறங்கியவன் என்பதால் நண்பர்கள் சிலர் கேள்வி அனுப்பியிருந்தார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: என்னிடம் ஒரே நாள்தான் இருக்கிறது. உச்சிக் கோயிலை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடலாமா?

அப்படிச் செய்யாதீர்கள், ஐயா. எப்பாடுபட்டாவது இன்னொரு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வூடாங்கில் கோயில் என்பது தனிக் கட்டடமன்று, மலைப்பாதை முழுவதுமே கோயில். இந்த மலையின் தெய்வம் ஜென்வூ. இளவரசனாகப் பிறந்து, தவம் செய்ய இங்கே வந்தவர் என்பது புராணம். அவருடைய கதையின் வரிசையிலேயே கோயில்கள் அமைந்திருக்கின்றன. தவத்தில் சலித்து மலையிறங்கியவர், இரும்பு உலக்கையைத் தேய்த்து ஊசியாக்க முனைந்த ஒரு கிழவியைக் கண்டு மனம் மாறித் திரும்பினாராம். அந்த இடத்தில் ஒரு கோயில். பாறை விளிம்பிலிருந்து குதித்தவரை ஐந்து டிராகன்கள் ஏந்திச் சென்றதாகச் சொல்லும் இடம் நான்யான். அவர் அரசராக வீற்றிருப்பது 1,612 மீட்டர் உயரத்தில், பொன் உச்சியில். நேரே உச்சிக்குப் போய் நின்றால் கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்ததாக ஆகும்.

வரலாற்று மாணவி: இவ்வளவு தொலைவில் உள்ள மலைக்கு ஒரு பேரரசர் ஏன் இத்தனை செலவு செய்தார்?

அரியணைக்காக, அம்மா. மிங் பேரரசர் யோங்லே 1402-இல் அண்ணன் மகனைப் போரில் வீழ்த்தி ஆட்சியைப் பிடித்தவர். அவருடைய படை வடக்கிலிருந்து வந்தது. ஜென்வூவோ வடதிசைத் தெய்வம். ஜென்வூவின் துணையால் வென்றேன் என்று சொன்னால், அபகரித்த ஆட்சிக்குத் தெய்வச் சம்மதம் கிடைத்துவிடுகிறது. 1412-இல் இங்கே பெரும் திருப்பணி தொடங்கியது. பெய்ஜிங்கில் அரண்மனை நகரம் எழுந்துகொண்டிருந்த அதே காலம் அது. ஜென்வூ சிலையின் முகம் யோங்லேயின் முகம்தான் என்று அங்குள்ளவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் பக்தியும் அரசியலும் அங்கே ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கின்றன.

பொறியாளர்: உச்சியிலுள்ள பொன் மண்டபம் முழுவதும் தங்கமா?

இல்லை, தங்கமுலாம் பூசிய செம்புக் கலவை. 1416-இல் முடிந்தது. உறுப்புகளைத் தனித்தனியாகப் பெய்ஜிங்கில் வார்த்து, நீர்வழியாகக் கொண்டுவந்து, உச்சியில் பொருத்தினார்கள். உத்திரம், ஓடு, தாங்குகட்டை என எல்லாமே மரவேலைப்பாடு போலவே இருக்கும். தொட்டால்தான் உலோகம் என்று தெரியும். இணைப்புகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் காற்று புகுவதில்லை. வெளியே காற்று ஊளையிடும்போதும் உள்ளே விளக்குச் சுடர் அசையாது என்பார்கள். முற்காலத்தில் மின்னல் இறங்கினால் மண்டபத்தைச் சுற்றி நெருப்புருண்டைகள் உருளும், மழை ஓய்ந்ததும் மண்டபம் துலக்கி வைத்ததுபோல் மின்னும் என்றும் சொல்வதுண்டு. இடிதாங்கி வைத்த பிறகு அந்தக் காட்சி போய்விட்டது.

குடும்பத்தலைவி: அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர்களால் உச்சிக்கு வர முடியுமா?

சியோங்தாய் என்ற இடத்திலிருந்து கேபிள் கார் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து இறங்கிய பிறகும் செங்குத்தான படிகள் உண்டு என்பதை முன்பே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். உச்சி முடியாவிட்டால் ஊதா மேகக் கோயில் போதும். மலைக்குள் ஓடும் பஸ் அதன் அருகிலேயே நிற்கிறது. என்னைக் கேட்டால், துறவிகள் கூடி ஓதும் அந்தக் கோயிலில்தான் வூடாங்கின் உயிர் இருக்கிறது. உச்சியைவிட எனக்கு அதுவே பிடிக்கும்.

நடக்க முடிந்தவர்கள் நான்யானில் இரவு தங்கி, விடியற்காலையில் புறப்படுங்கள். மூன்று நான்கு மணி நேர ஏற்றம். நடுவில் வழி இரண்டாகப் பிரியும். மூன்று ‘விண்வாயில்’களைக் கடந்து செல்லும் மிங் காலத்துப் பாதையில் ஏறுங்கள். கடினமானதுதான், ஆனால் யாத்திரிகர்களுக்கென்றே இட்ட பாதை அது.

இளைஞர்: நான்யானில் பள்ளத்தின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கல் டிராகன் தலையில் ஊதுவத்தி ஏற்ற விடுவார்களா?

விடமாட்டார்கள், தம்பி. அந்தக் கல்லின் நுனிவரை தவழ்ந்துபோய் ஊதுவத்தி ஏற்றியவர்களில் பலர் விழுந்து இறந்திருக்கிறார்கள். 1673-இலேயே தடை வந்துவிட்டது. வேலிக்கு இப்பால் நின்று பாருங்கள்.

முதன்முறை செல்பவர்: கோயிலுக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

வாசற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்லுங்கள். மூலவரைப் படம் எடுக்காதீர்கள். வலக்கை முட்டியை இடக்கையால் பொதிந்து மார்புக்கு நேரே பிடிப்பது அவர்கள் வணக்கம். ஊதுவத்தி மூன்று போதும். கட்டுக்கட்டாகக் கொளுத்த வற்புறுத்துகிறவர்களிடம் பணிவாக மறுத்துவிடுங்கள்.

யோகா பயிற்சியாளர்: தாய் சி என்ற சீனத் தற்காப்புக் கலை இங்கேதான் பிறந்ததா?

சாங் சான்பெங் என்ற துறவி இங்கே உருவாக்கினார் என்பது மரபு. ஆய்வாளர்கள் 17-ஆம் நூற்றாண்டில் ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத்தின் ஊரைக் காட்டுகிறார்கள். கற்க விரும்பினால் அடிவாரத்தில் பள்ளிகள் பல உண்டு. ஓரிரு நாள் வகுப்பில் பணம் போடாதீர்கள், சில வாரங்கள் தங்க முடிந்தால் சேருங்கள்.

பயணத் திட்டமிடுபவர்: எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே, அல்லது அக்டோபர் பிற்பகுதி. அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறை, அப்போது தவிர்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் படிகளில் பனி உறையும்.

சைவ உணவுக்காரர்: சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

தாவோ மடங்களின் சமையல் சைவம். வெளிக்கடைகளில் காய்கறிப் பொரியலிலும் பன்றிக்கொழுப்பு சேரக்கூடும். இறைச்சி, கொழுப்பு, முட்டை வேண்டாம் என்று சீன எழுத்தில் ஒரு சீட்டு எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, உட்காருவதற்கு முன்பே காட்டிவிடுங்கள்.