பிள்ளையின் எடைக்குத் தாயா பொறுப்பு?

கேள்வி: பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பத்து வயது, எடை 58 கிலோ. கேட்டால் தாய், "பரம்பரை, ஹோர்மோன்" என்கிறார். பிள்ளைக்கு வாயைக் கட்டத் தெரியாதவர்கள் சொல்லும் சாக்குத்தானே இது? எங்கள் காலத்தில் பரம்பரை இருக்கவில்லையா?
- ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: ஹோர்மோன் விஷயத்தில் அந்தத் தாய் பிழைவிட்டிருக்கலாம். பரம்பரை என்பதில் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து 1986இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களின் உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது, சோறு போட்டு வளர்த்தவர்களோடு அல்ல. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின்தான் "போதும்" என்று மூளைக்குச் சொல்வது. அது பிறவியிலேயே இல்லாத ஒரு சிறுமி எட்டு வயதில் 86 கிலோ இருந்ததை 1997இல் பதிவு செய்தார்கள். அதை ஊசியாக ஏற்றியதும் அவளுடைய பசி அடங்கியது, எடையும் இறங்கியது. அதுவரை அவளையும் யாராவது "தின்னிப் பிள்ளை" என்று திட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட குறைபாடு மிக அரிது. ஆனால் பசியைச் சிறிது சிறிதாகக் கூட்டும் மரபணு வேறுபாடுகள் ஏராளம். அவை நம் எல்லோரிடமும் கூடக்குறைய உண்டு.

உங்கள் காலத்திலும் இருந்தன. சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போய், பின்னேரம் வயலிலும் நின்ற பிள்ளையிடம் அவை தலைகாட்ட வழியில்லை. இன்று ஒவ்வொரு சந்திக் கடையிலும் சோடாவும் ரோல்ஸும் இருக்கின்றன. ஒரே கடையில் வாங்கித் தின்னும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று மட்டும் பருப்பதற்கு அந்த மரபணுக்கள் ஒரு பெரிய காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம். கருவின் முதல் பாதியில் அந்தப் பட்டினியைக் கண்ட ஆண்பிள்ளைகளிடம் 19 வயதில் உடற்பருமன் கூடுதலாக இருந்தது. 2009இல் முள்ளிவாய்க்காலில் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற கர்ப்பிணிகளை நாம் கண்டவர்கள். வன்னியில் இருந்துகொண்டு, ஒரு பிள்ளையின் உடம்பைப் பார்த்துத் தாயைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பட்டினி போட்டு அந்தப் பையனை மெலிய வைக்கச் சொல்லாதீர்கள். வளரும் பிள்ளை, பசி இன்னும் மூர்க்கமாகத் திரும்பும். சோடாவை நிறுத்தி, ஓடி விளையாட விட்டு, நேரத்துக்குத் தூங்க வைத்தாலே நல்ல தொடக்கம். அந்தத் தாய்க்கு உதவ மனமிருந்தால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பையன் வயதுக்கு மீறிக் கட்டையாக இருக்கிறானா என்று உயரத்தை அளந்து பார்க்கட்டும். வெறும் பருமன் என்றால் பிள்ளை பெரும்பாலும் உயரமாகவே இருக்கும், தைரொயிட் குறைவது போன்ற ஹோர்மோன் கோளாறு இருந்தால் உயரம் நின்றுபோகும். அப்புறம், பிடரி கறுத்துத் தடித்திருந்தால் அதை ஊத்தை என்று தேய்க்க வேண்டாம். உடம்பு இன்சுலினுக்கு மசியாமல் போவதன் அடையாளம் அது. உடனே கிளினிக்குக்குக் கூட்டிப்போய் சுகர் பார்க்கட்டும்.