தோட்டத்துக்கு வைத்த நகை

கேள்வி: நானும் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறோம். இருவருக்கும் சேர்த்து மாதம் 78,000 வருகிறது. மூலனூர் பக்கம் மாமனார் விட்டுப்போன 2 ஏக்கர் 40 சென்டில் எங்கள் பங்கு பாதி. அதைத் தோட்டமாக்கி, சின்னதாக ஒரு சாளை (தோட்டத்து வீடு) கட்டி, பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் அங்கேயே போய்விட ஆசை. அதற்காக 2022 ஜனவரியில் என் 22 பவுன் நகையை வங்கியில் வைத்து 4 லட்சம் வாங்கினோம். வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைத்ததில் இப்போது கடன் 9 லட்சம். போர்வெல், கொட்டகை, இரண்டு மாடு, தென்னங்கன்று எல்லாம் போட்டாயிற்று, வருமானம் இல்லை. வருகிற ஜனவரியில் வைத்தால் 14 லட்சம் வரை கிடைக்கும் என்கிறார்கள். பக்கத்துக் காடு 50 சென்ட் 9 லட்சத்துக்கு வருகிறது. கூடுதலாக வரும் 5 லட்சத்தையும் டிசம்பரில் முடிகிற என் 2 லட்சம் சீட்டையும் போட்டால், மீதியைத் தான் போட்டு வாங்கிவிடலாம், இப்போதைக்குத் தன் பெயரில் இருக்கட்டும் என்கிறார் கணவரின் அண்ணன். கணவரோ பரண் அமைத்து அதன் மேல் ஆடு வளர்க்கலாம் என்கிறார். எனக்குத் தூக்கமே போய்விட்டது. – திருப்பூர் வாசகி

பதில்: வரவு செலவைக் கடிதத்தோடு ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பார்த்தாலே நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்று தெரிகிறது. அதனால் சேமிப்பு, காப்பீடு பற்றியெல்லாம் பேசப் போவதில்லை. உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது தோட்டமும் இல்லை, அண்ணனும் இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் நகையைத் திருப்பி வைக்கும்போது "கூடுதலாக எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்கிறீர்களே, அந்தப் பழக்கம்தான்.

நீங்கள் அனுப்பிய எண்களையே அடுக்கிப் பார்ப்போம். 4 லட்சம் 2023-ல் 5.5 ஆனது, 2024-ல் 7, 2025-ல் 9. மூன்று தடவையில் கூடுதலாக வாங்கியது 5 லட்சம். வட்டி சுமார் 10 சதவீதம் என்று வைத்தால், முதல் வருடம் 40,000, அடுத்து 55,000, அப்புறம் 70,000. மொத்தம் 1,65,000. இந்த வட்டியைச் சம்பளத்திலிருந்து கட்டவில்லை, கூடுதலாக வந்த பணத்திலிருந்தே கழித்துக்கொண்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் 5 லட்சம் கடன் ஏறியதில் நிலத்துக்குப் போனது 3,35,000 மட்டும். முதல் 4 லட்சத்தோடு சேர்த்து 7,35,000.

அதில் வறண்டுபோன முதல் போர், 800 அடி போன இரண்டாவது போர், மோட்டார் எல்லாம் சேர்ந்து 2.9 லட்சம். கொட்டகை 1.4, மாடுகள் 1.3, நிலத்தைச் சமன் செய்து கன்று வைத்தது 0.6. கூட்டினால் 6.2 லட்சம்தான் வருகிறது. மீதி 1,15,000 எங்கே? உங்களைப் போன்றவர் கணக்கிலேயே ஒரு லட்சத்துக்கு மேல் காணாமல் போகிறது என்றால், அது மொத்தமாகக் கையில் வந்த பணம் என்பதுதான் காரணம். மாதச் சம்பளத்திலிருந்து எடுத்துச் செலவு செய்திருந்தால் ஒவ்வொரு ஆயிரமும் நினைவில் இருந்திருக்கும்.

2022 தொடக்கத்தில் பவுன் சுமார் 36,000. 2025 அக்டோபரில் 90,000-ஐத் தாண்டிவிட்டது. வங்கி கூடுதலாகத் தருவதற்கு அது மட்டுமே காரணம். உங்கள் சம்பளம் ஏறவில்லை, தோட்டம் ஒரு ரூபாய் தரவில்லை, கடன் மட்டும் ஏறுகிறது. இப்போது பவுனுக்குச் சுமார் 41,000 கடன் இருக்கிறது, விலை கொஞ்சம் இறங்கினாலும் ஆபத்தில்லை. 14 லட்சம் ஆக்கினால் பவுனுக்கு 63,600. தங்கம் 70,000-க்கு இறங்கினால் வித்தியாசத்தைக் கட்டு, இல்லாவிட்டால் ஏலம் என்று நோட்டீஸ் வரும். தங்கம் இறங்காது என்று யாராவது சொன்னால், 2013 ஏப்ரலில் சில நாட்களிலேயே அது எப்படிச் சரிந்தது என்று கேளுங்கள்.

சரி, அண்ணன் கேட்பது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஊரில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொள்பவர், பக்கத்துக் காடு வேறு கைக்குப் போகக் கூடாது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் 9 லட்சத்தில் 7 லட்சம் உங்களுடையது, பத்திரம் அவர் பெயரில் என்பது எந்தக் குடும்பத்திலும் நிலைக்காத ஏற்பாடு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதாவது 81,000, தனி. அதற்கு யார் பொறுப்பு என்று கடிதத்தில் இல்லை. "எங்களால் முடியாது, நீங்கள் வாங்கினால் சந்தோஷம்" என்று உங்கள் கணவர் சொல்லட்டும். நீங்கள் சொல்ல வேண்டாம், அது தேவையில்லாத மனக்கசப்பு.

இதைவிட எனக்குக் கவலை தந்தது, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரி: "பட்டா இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கிறது." 2 ஏக்கர் 40 சென்டை அண்ணன் தம்பி இருவரும் வாய்ப்பேச்சில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். கணவருக்கு ஒரு அக்காவும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. அவர் கையெழுத்து இல்லாத பங்கு, பங்கே இல்லை. நீங்கள் 800 அடி தோண்டிய போர் யார் நிலத்தில் இருக்கிறது என்று இன்று எந்தத் தாளும் சொல்லாது. எனவே நிலத்துக்கு அடுத்து நீங்கள் செய்யும் செலவு பாகப்பிரிவினைப் பத்திரம் மட்டுமே. அக்கா தன் பங்கு வேண்டாம் என்றால் அவர் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அவர் பங்கு கேட்டால், கொடுக்கவேண்டியதைக் கொடுப்பதும் நியாயம். குடும்பத்துக்குள் நடக்கும் பதிவுக்குக் கிரயப் பத்திரத்தைவிட மிகக் குறைவாகத்தான் ஆகும். பட்டா உங்கள் கணவர் பெயருக்கு மாறிய பிறகு தாசில்தார் அலுவலகத்தில் சிறு, குறு விவசாயிச் சான்று வாங்கினால், சொட்டுநீருக்கு முழு மானியம் கிடைக்கும். இப்போது கேட்டால் கிடைக்காது.

பரண் ஆடு பற்றி இரண்டு வார்த்தை. வீடியோவில் லட்சக்கணக்கில் லாபம் காட்டுபவர்களில் பலர் கறிக்கு ஆடு விற்பவர்கள் அல்ல, உங்களைப் போன்ற புதியவர்களுக்குக் குட்டி விற்பவர்கள். புதிதாக ஆள் வரும்வரைதான் போயர் என்கிற வெளிநாட்டு இன ஆட்டுக் குட்டிக்கு அந்த விலை. உங்கள் பக்கத்துப் பெருந்துறையில் 2012-ல் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்கும் முன்னால் தொண்ணூறுகளில் தேக்கு மரம். இப்போது அகர், சந்தனம், மகோகனி. நாங்கள் நட்டுப் பராமரிக்கிறோம், நீங்கள் பணம் மட்டும் கட்டுங்கள் என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆடு வளர்க்க ஆசை என்றால், அங்கே குடிபோன பிறகு கன்னிவாடிச் சந்தையில் நான்கு மயிலம்பாடிச் செம்மறி வாங்கி விட்டால் போதும். பரண் வேண்டாம்.

இனி கடன். இரண்டு மாடுகளும் தீவனம், ஆள் கூலி போக மாதம் 3,000 உங்கள் கையைக் கடிக்கின்றன. வாரத்தில் ஆறு நாள் திருப்பூரில் இருப்பவருக்கு மாடு வேண்டாம். விற்றால் 90,000 வரும் என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். அது ஜனவரி வட்டிக்குச் சரியாக இருக்கும். சீட்டுப் பணம் 2 லட்சம் அசலுக்கு. கடன் 7 லட்சமாகும். இப்போது உங்கள் கையில் மாதம் மிஞ்சுவது 8,000. தோட்டத்துக்கு மாதம் 9,000 போவதை 2,000-க்குள் அடக்கினால் 7,000. சீட்டு முடிவதால் 5,000. ஆக 20,000. இதை மாதா மாதம் கட்டினால் சுமார் 42 மாதத்தில் முடியும். தீபாவளி போனஸையும் அதில் போட்டால் மூன்று வருடம்.

கொஞ்சம் நகையை விற்று இன்றே கடனைக் குறைக்கலாமே என்று தோன்றும். அம்மா போட்ட நகை, மனசு வராது என்பது ஒரு பக்கம். விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம் மூலதன ஆதாய வரியும் வரும். அதனால் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் அந்த 20,000 ஏதாவது இரண்டு மாதம் தவறினால், மறுபேச்சில்லாமல் ஆறு பவுனை விற்றுக் கட்டிவிடுங்கள்.

அந்த மூன்று வருடம் தோட்டம் சும்மா கிடக்க வேண்டியதில்லை. கம்பி வேலிக்கு 1.6 லட்சம் விலை கேட்டு வைத்திருக்கிறீர்கள். உங்கள் ஒரு ஏக்கர் இருபது சென்டைச் சுற்றி வர ஏறக்குறைய 915 அடி, அடிக்கு 175 ரூபாய். காங்கயம், தாராபுரம் பக்கமெல்லாம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி எத்தனை தலைமுறையாகக் கிளுவை வேலி நிற்கிறது! மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து (கிளைத் துண்டு) வெட்டி நெருக்கமாக நட்டால் ஆள் கூலியோடு முடிந்துவிடும். உயிர்வேலி அடைய இரண்டு மூன்று வருடம் ஆகும், உங்களுக்கும் அவ்வளவு நாள் இருக்கிறது. தென்னங்கன்றுக்குத் தண்ணீர் விட ஆள் இருந்தால் போதும். மீதி இடத்தில் கொழுக்கட்டைப் புல் தானாக வரும், மேய்ச்சலுக்கு விட்டால் ஏதோ ஒரு தொகையும் வரும். சாளை கடைசி நகையும் வீட்டுக்கு வந்த பிறகு.

நகை நான்கு ரசீதாக இருப்பது நல்லது. ஜனவரியில் போகும்போது சீட்டுப் பணத்தை எல்லாவற்றிலும் பிரித்துக் கட்டாமல், இருப்பதில் சிறிய ரசீதை முழுசாக மீட்டுவிடுங்கள். மற்ற மூன்றுக்கும் வட்டியை மாதா மாதம் கட்டும் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். கூடுதல் தொகை வேண்டுமா என்று கவுன்ட்டரில் கேட்பார்கள். அன்றைக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வேண்டாம் என்பதை இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிவிட்டு வாருங்கள்.