மூன்று வருடம்கூடத் தாங்காத ஒரு பேஸ்பால் அணியின் வரலாறு யாருக்கு வேண்டும்?

கேள்வி: 1880களில் இரண்டு மூன்று சீசன் ஆடிவிட்டுக் காணாமல் போன மைனர் லீக் பேஸ்பால் அணிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்களே, இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

எனக்கு இருக்கிறது. அப்படி ஓர் அணியால் ஆபீஸ் க்விஸ்ஸில் எனக்கு ஒரு மார்க் போயிருக்கிறது.

நீங்கள் அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். யாரோ மேட்சுக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். மூன்று மணி நேரம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடி, எங்கோ ஒரு மூலையில் போய் மாட்டியிருப்பீர்கள். நானும் அப்படி மாட்டியவன்தான். பேஸ்பால் நிபுணன் எல்லாம் கிடையாது. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன், ஓஹையோ மாநிலத்து டொலீடோவில் குடியிருக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான், அதனால் கமெண்டில் சர்ட்டிஃபிகேட் கேட்க வேண்டாம்.

பிப்ரவரி இங்கே கறுப்பின வரலாற்று மாதம். எங்கள் ஆபீஸில் ஹெச்ஆர் ஒரு க்விஸ் வைத்தார்கள். மேசைக்கு நாலு பேர், ஆன்லைன் படிவத்தில் பதில், ஜெயித்தால் காபிக்கடை கூப்பன். ஒரு கேள்வி: 'மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடிய முதல் கறுப்பின வீரர் யார்?' (மேஜர் லீக் என்றால் பேஸ்பாலின் உச்ச மட்டம், மைனர் லீக் அதற்குக் கீழ்.) எங்கள் மேசையில் இருந்த தெலுங்குப் பையன் கேள்வி முடிவதற்குள் 'ஜாக்கி ராபின்சன், போடுங்க' என்றான். 1947இல் மேஜர் லீக்குக்குள் வந்தவர், எல்லோரும் சொல்லும் பெயர் அதுதான். கூட இருந்த இரண்டு அமெரிக்கர்களும் தலையாட்டினார்கள். நான்தான் விடவில்லை. 'ஃப்ளீட் வாக்கர்' என்று அடிக்கச் சொன்னேன். திரையில் சிவப்பு X விழுந்தது. அந்த ஒரு மார்க்கில் ஃபைனான்ஸ் மேசை ஜெயித்தது.

நான் எழுந்து, 'அவர் இந்த ஊரிலேயே ஆடியவர்ங்க' என்றேன். சிரித்தார்கள். பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

நான் சொன்ன அணியின் பெயர் டொலீடோ ப்ளூ ஸ்டாக்கிங்ஸ். 1883இல் நார்த்வெஸ்டர்ன் லீக் என்ற மைனர் லீக்கில் சேர்ந்தது. அதன் கேட்சர்தான் ஃப்ளீட் வாக்கர். முழுப்பெயர் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர், ஓஹையோக்காரர், ஓபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். கேட்சர் என்றால் கிளவுஸ் இல்லாத விக்கெட் கீப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று போடுகிற மெத்தை மாதிரி கிளவுஸ் எல்லாம் அன்று கிடையாது. கை வீங்காத கேட்சரே இருந்திருக்க மாட்டார். சீசன் தொடங்குவதற்கு முன்பே பியோரியா அணியின் பிரதிநிதி, கறுப்பினத்தவரை லீக்கில் சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். விவாதம் நடந்து அது வாபஸானது. வாக்கர் ஆடினார், டொலீடோ அந்த வருடம் சாம்பியன்.

நான் அடிக்கடி நினைப்பது அந்த ஆகஸ்ட் 10ஆம் தேதியைத்தான். சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் ஒரு காட்சிப் போட்டிக்காக டொலீடோவுக்கு வந்தது. அவர்களுடைய கேப்டன் கேப் ஆன்சன், அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார். வாக்கர் களத்தில் இருந்தால் ஆட மாட்டோம் என்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், வாக்கருக்குக் கையில் அடி, அன்று அவரை இறக்குவதாகவே இல்லை. ஆன்சன் குதித்ததைப் பார்த்த டொலீடோ மேனேஜர் சார்லி மார்ட்டன், அதற்காகவே வாக்கரை ரைட் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வலது கோடியில், நிறுத்திவிட்டார். ஆடாவிட்டால் டிக்கெட் பணத்தில் பங்கு கிடையாது என்றதும் ஆன்சன் வாயை மூடிக்கொண்டு ஆடினார். பத்து இன்னிங்ஸ் போய் சிகாகோ 7-6 என்று ஜெயித்தது. ஸ்கோரை விடுங்கள். கொள்கை பெரிதா கலெக்‌ஷன் பெரிதா என்று வந்தபோது ஆன்சன் எதை எடுத்தார் என்று பாருங்கள். அவர் 1939இல் பேஸ்பாலின் கௌரவ மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போய்விட்டார்.

1884இல் யூனியன் அசோசியேஷன் என்று மூன்றாவதாக ஒரு பெரிய லீக் முளைத்தது. ஊர்களையும் வீரர்களையும் பிடிக்கப் போட்டி. ஏற்கெனவே இருந்த இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் அசோசியேஷன் தன் அணிகளை எட்டிலிருந்து பன்னிரண்டாக்கியது, அந்தக் கும்பலோடு டொலீடோவும் உள்ளே போனது. மே 1 அன்று லூயிவில்லில் வாக்கர் முதல் மேட்ச் ஆடினார். அந்த சீசனில் 42 ஆட்டம், பேட்டிங் சராசரி .263 (கிரிக்கெட் சராசரி இல்லை, ஆயிரம் வாய்ப்புக்கு 263 ஹிட் என்ற கணக்கு). தம்பி வெல்டி வாக்கரும் சில ஆட்டங்கள் ஆடினார். அமெரிக்கன் அசோசியேஷனும் மேஜர் லீக்தான் என்று 1969இல் பேஸ்பால் ஆவணக் கமிட்டியே முடிவு செய்துவிட்டது. அதனால்தான் நான் க்விஸ்ஸில் அப்படி அடித்தேன். கற்பனை பண்ணிச் சொல்லவில்லை.

அந்த அணியின் பிரதான பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், டோனி முல்லேன். 36 வெற்றி அவர் கணக்கில். வாக்கர்தான் தனக்குக் கிடைத்ததிலேயே சிறந்த கேட்சர் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அதே வாயால், கறுப்பர் என்பதால் தனக்கு அவரைப் பிடிக்காது, அவர் காட்டும் சிக்னலை மதிக்காமல் இஷ்டத்துக்கு வீசுவேன் என்றும் சொன்னார். ஒருநாள் வாக்கர் வளைவுப் பந்து கேட்டு சைகை காட்ட, இவர் வேகப் பந்தை விட்டிருக்கிறார். வாக்கர் அதைப் பிடித்துவிட்டு நேராக இவரிடம் நடந்து வந்தார். சிக்னலே இல்லாமல் வேண்டுமானால் பிடிக்கிறேன், சிக்னல் காட்டிய பிறகு மாற்றி வீசினால் பிடிக்க மாட்டேன் என்றார். மிச்ச சீசன் முழுக்க என்ன பந்து வருகிறது என்றே தெரியாமல் பிடித்திருக்கிறார். டீமில் இப்படி ஒருவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

டொலீடோ அடுத்து ஆடப்போக இருந்த ரிச்மண்டிலிருந்து செப்டம்பரில் மேனேஜர் மார்ட்டனுக்கு ஒரு கடிதம். வாக்கர் சீருடையோடு வந்தால் தாக்குவதற்கு 75 பேர் சபதம் எடுத்திருக்கிறார்கள் என்று மிரட்டல். டொலீடோ அங்கே ஆடப் போவதற்குள் காயங்களால் வாக்கர் அணியைவிட்டுப் போயிருந்தார். டொலீடோ 46 வெற்றி, 58 தோல்வியோடு எட்டாவது இடம். சீசன் முடிந்ததும் அசோசியேஷன் மறுபடி எட்டு அணிகளாகச் சுருங்க, டொலீடோவைக் கழற்றிவிட்டார்கள். 1885இல் இன்னொரு மைனர் லீக்கில் கொஞ்ச காலம் ஆடினார்கள், அத்தோடு கதை முடிந்தது. அணியில் இருந்த கர்ட் வெல்ச் என்ற வீரர் செயின்ட் லூயிஸ் அணிக்குப் போனார். இன்னொரு பிட்சர் ஹேங்க் ஓ'டே பிற்பாடு அம்பயராகி, அந்த வகையில் 2013இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்.

அணி இருந்தது அவ்வளவு நாள்தான். ஆனால் அது இல்லாவிட்டால் ராபின்சன் கதை வேறு மாதிரி ஆகிவிடும். 1947 வரை கறுப்பினத்தவர் யாரும் மேஜர் லீக் பக்கம் வந்ததே இல்லை, அப்புறம் நல்ல மனசுக்காரர்கள் சிலர் கதவைத் திறந்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் கதவு முதலில் திறந்துதான் இருந்தது. 1887 ஜூலை 14 அன்று இன்டர்நேஷனல் லீக் என்ற மைனர் லீக் கூடி, இனி கறுப்பின வீரர்களோடு புது ஒப்பந்தம் கிடையாது என்று ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தது. மேஜர் லீக்கில் எழுதாத சட்டமாகவே கதவைச் சாத்தினார்கள். தானாக நடந்ததில்லை, ஆட்கள் உட்கார்ந்து பேசிச் செய்தது. ராபின்சனைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். திறந்த கதவில் நுழைவதைவிட, மூடிய கதவைத் திறப்பது கஷ்டம் என்றுதான் சொல்கிறேன்.

க்விஸ் முடிந்து சாயங்காலம் ஹெச்ஆரிடமிருந்து எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. 'நாங்கள் கேட்க நினைத்தது நவீன காலத்தில் முதல் வீரர் யார் என்பதையே' என்று. கேட்க நினைத்ததை எழுதியிருந்தால் நான் ராபின்சன் என்றே போட்டிருப்பேனே. டெஸ்டிங் வேலையில் நாங்கள் இதை ரெக்வயர்மெண்ட் தகராறு என்போம், தப்பு எங்கள் தலையில் விழாது. கூப்பனைத் திருப்பி வாங்கவும் இல்லை, மார்க் தரவும் இல்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். இந்த மாதிரி நிகழ்ச்சியை எல்லாம் ஏன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைக்கிறார்கள்? பீட்சா தருகிறோம் என்பார்கள். பத்துப் பெட்டியில் இரண்டு வெஜ். சிக்கன் சாப்பிடுகிறவர்கள் எல்லாம் 'இன்னிக்கு லைட்டா போதும்' என்று முதலில் அந்த இரண்டைக் காலி செய்துவிடுவார்கள். அன்றைக்கும் க்விஸ் முடிந்து நான் போனபோது மிஞ்சியிருந்தது சாலட்டும் ஒரு பாட்டில் ராஞ்ச் சாஸும்தான்.

இப்போது ஒருவர் கமெண்டில் வந்து, வாக்கரும் முதல் ஆள் இல்லை, 1879இல் பிராவிடன்ஸ் அணிக்காக ஒரே ஒரு மேட்ச் ஆடிய வில்லியம் எட்வர்ட் ஒயிட் இருக்கிறார் என்பார். தெரியும் ஐயா. அவருடைய அம்மா அடிமையாக இருந்தவர், அப்பா வெள்ளைக்கார எஜமானர். அவர் வெள்ளையராகவே வாழ்ந்தார், கறுப்பினத்தவர் என்று ஊருக்குத் தெரிந்து ஆடவில்லை. வாக்கர் தெரிந்தே ஆடினார். ஒயிட்டை முதலில் வைக்க வேண்டும் என்றால் அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், அங்கே வைத்துக்கொள்வோம்.