அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கதையைத் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த ஆர்வத்தில்தான் முதல் உலகப் போர்க்காலப் பட அஞ்சலட்டைகளைச் சேர்க்கத் தொடங்கினேன். அண்மையில் வெளிநாட்டு வணிகர் ஒருவரிடம், அமெரிக்காவில் குடியேறிய செக் ஓவியர் வொய்த்யெக் ப்ரைஸிக் வரைந்த படைசேர்ப்பு அட்டைகள் மூன்றை வாங்கினேன். ஒன்று புதிதுபோல் வெள்ளையாக இருக்கிறது. இன்னொன்றின் பின்பக்கம் யாரோ பென்சிலால் எழுதி, அஞ்சலிலும் அனுப்பியிருக்கிறார்கள். எழுத்தில்லாத நல்ல பிரதி கிடைத்தால் இதை மாற்றிக்கொள்ளலாமா? மூன்றும் அசல்தாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீடு கடற்கரைக்கு அருகில் இருப்பதால் இவற்றைக் காக்கும் வழியையும் சொல்லுங்கள்.
(வாசகர், இராயபுரம்)

பதில்: எழுதப்பட்ட அட்டையைத் தயவுசெய்து கைவிடாதீர்கள். உங்களிடம் உள்ள மூன்றில் அதுவே மதிப்பு மிக்கதாக இருக்கக்கூடும். படைசேர்ப்பு அட்டை என்பது ஒருவரை நோக்கி விடுக்கப்பட்ட அழைப்பு. அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதைப் பின்பக்கம் மட்டுமே சொல்லும்.

அந்த அழைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். செக் மக்களின் நாடு அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்தது. 1917 டிசம்பரில் அமெரிக்கா அப்பேரரசின் மீது போர் அறிவித்தபோது, அமெரிக்கக் குடியுரிமை பெறாத செக், ஸ்லோவாக் குடியேறிகள் சட்டப்படி பகை நாட்டுக் குடிமக்கள் ஆகிவிட்டனர். அமெரிக்கப் படையின் கட்டாயச் சேர்ப்பு அவர்களைத் தொடவில்லை. அதே மாதம் 16ஆம் நாள் செக்கோஸ்லோவாக் படையொன்றை அமைக்கப் பிரான்ஸ் ஆணை பிறப்பித்தது. ஆணையிட்டு அழைக்க முடியாத அந்தக் குடியேறிகளை வேண்டித்தான் அழைக்க வேண்டியிருந்தது. அந்த வேண்டுகோளுக்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ப்ரைஸிக். 1910இல் அமெரிக்கா சென்ற அவர், 1916 முதல் பாஸ்டன் நகரின் வென்ட்வொர்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் அச்சுக்கலை கற்பித்தார். அவருடைய சுவரொட்டிகள் அங்கேயே அச்சாயின. அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் 2,000 பேருக்குச் சற்றே கூடுதல்தான். ஆனாலும், மாகாணப் போர்க் கொடிகளின் கீழ் வீரர்கள் அணிவகுத்துச் செல்லும் அந்தப் படங்களில் உள்ள உறுதி இன்றும் நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கிறது. பிரான்சில் இதே பணியைச் செய்தவர், 1914இலேயே படையில் சேர்ந்து முன்னணிக்குச் சென்ற ஃபிரான்டிஷெக் குப்கா. பின்னாளில் அருவ ஓவிய முன்னோடியாகப் புகழ்பெற்றவரும் அவரே.

அசலா என்று பார்க்கக் கொடியிலிருந்து தொடங்குங்கள். ப்ரைஸிக் வரைந்தவை பொஹீமியா, மொராவியா, ஸ்லோவாக்கியா, சிலேசியா ஆகிய பகுதிகளின் கொடிகள். வெள்ளை, சிவப்புப் பட்டைகளுக்கு இடது ஓரத்தில் நீல முக்கோணம் செருகிய கொடி 1920 மார்ச்சில்தான் சட்டமாயிற்று. அதைத் தாங்கிய அட்டை எதுவும் 1918இன் படைசேர்ப்பு அட்டையாக இருக்க வழியில்லை. அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்து ஒரே நிறமாகத் தெரியும் பரப்பைப் பாருங்கள். ப்ரைஸிக் அடர்த்தியான தட்டை வண்ணங்களால் படம் கட்டியவர் என்பதால், அந்த இடங்களில் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் பூப்போல் வட்டமிட்டிருந்தால் அது பிற்கால ஆஃப்செட் நகல் என்று ஐயுறலாம். ரூபாய் நோட்டைச் சரிபார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கும் உதவும். தாளுக்கு வெண்மை ஏற்றும் ஒளிர்பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே காகிதத்தில் பரவின. எனவே உங்கள் வெள்ளை அட்டை நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அதன் வயதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை. ஒளிராவிட்டால் மட்டும் அது பழையது என்று ஆகிவிடாது.

எழுதிய அட்டையின் அஞ்சல்தலையையும் பாருங்கள். போர் வரியின் காரணமாக அமெரிக்காவில் அஞ்சலட்டைக் கட்டணம் 1917 நவம்பர் 2 முதல் 1919 ஜூன் 30 வரை ஒரு சென்டிலிருந்து இரண்டு சென்டாக உயர்ந்திருந்தது. 1918இன் முத்திரையும் இரண்டு சென்ட் தலையும் ஒன்றாக இருந்தால் அது நல்ல சான்று. அயல்நாட்டில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களின் கடிதங்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் மறவாதீர்கள்; அஞ்சல்தலை இல்லை என்பதாலேயே ஓர் அட்டையை ஒதுக்கிவிட வேண்டாம். பென்சில் எழுத்தை அழிக்கவோ, கறையைத் துடைக்கவோ வேண்டாம்.

காப்பதைப் பொறுத்தவரை நம் பகுதியில் உப்புக் காற்றும் ஈரமும்தான் பகை. பாரிமுனையில் வாங்கிய பி.வி.சி. உறை ஆல்பத்தில் நான் வைத்த அட்டையொன்றின் மை, இரண்டு மழைக்காலங்களில் உறையோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது வீரனின் முகம் பாதி போயிற்று. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. ஆகவே பாலியெஸ்டர் உறை, அமிலமற்ற அட்டைப்பெட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். அந்தப் பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். பெட்டியைக் கடலைப் பார்த்த சுவரை ஒட்டி வைக்காமல் உள்ளறை அலமாரியில், தரையிலிருந்து உயரமாக வையுங்கள். செல்லோ டேப், பசை எதுவும் கூடாது. இராமபாணப் பூச்சி வருகிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கேள்வி: போருக்கு ஆள் பிடித்த படங்களைச் சேர்ப்பது போரைப் போற்றுவதாகாதா?
(வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: படத்தை மட்டும் சேர்த்துவைத்தால் அந்த ஆபத்து உண்டு. வரைந்தவரின் வாழ்க்கையையும் சேர்த்துவைக்க வேண்டும் என்பதே என் கருத்து. ப்ரைஸிக் 1930இல் தாயகம் திரும்பினார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது ‘வ் பொய்’ (செக் மொழியில் ‘போருக்கு’ என்று பொருள்) என்ற தலைமறைவு இதழுக்காக உழைத்தார். அந்தப் பணியில் அவர் மகள் இரேனா பெர்னாஷ்கோவாவும் முன்னின்றார். இரேனா 1942 ஆகஸ்ட் 26 அன்று பெர்லினின் ப்ளோட்சன்ஸே சிறையில் கொல்லப்பட்டார். தந்தை 1944 ஜூன் 11 அன்று டாஹாவ் வதைமுகாமில் இறந்தார். என் தொகுப்பில் அவருடைய அட்டை இருக்கும் உறைக்குள் இந்த இரண்டு தேதிகளையும் தனித் தாளில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பார்க்க வருபவர்களிடம் இரண்டையும் சேர்த்தே நீட்டுகிறேன்.