கோமாரி வந்தால் கால்நடைத் துறை என்ன செய்யும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மாடு வளர்ப்பவர்கள், கோமாரி என்னும் வாய், குளம்புப் புண் நோயைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை.

இரண்டு மாடுகளுக்கு வாயில் நுரை, குளம்பில் புண். துறைக்குச் சொன்னால் எல்லா மாட்டையும் அழித்துவிடுவார்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். சொல்லலாமா ஐயா?

சொல்லியே ஆக வேண்டும். 1953-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டப்படி அது மாட்டுக்காரரின் கடமை. அண்ணனுக்கு நிப்பா காலம் ஞாபகம் வந்திருக்கும். 1999-இல் பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளை அழித்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் லேசில் போகாது. ஆனால் நிப்பா மனிதரைக் கொன்ற கிருமி. கோமாரி தீபகற்ப மலேசியாவில் பல காலமாக வந்து போவது. இதற்கு வழக்கமாக நடப்பது மாடுகளை நகர்த்தத் தடை, சுற்றுவட்டாரத்தில் தடுப்பூசி, புண்ணுக்குச் சிகிச்சை. ஊசி, நோய் வந்த மாட்டைக் குணமாக்காது, வராததைத்தான் காக்கும். அதனால் முதல் நாளே சொன்னால்தான் லாபம். அதிகாரி வரும்வரை நோய் மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். தீனி வைக்கும்போது நல்ல மாட்டுக்கு முதலில், அப்புறம்தான் நோய் மாட்டுக்கு. லிட்டருக்கு 40 கிராம் சலவை சோடா கரைத்த தண்ணீரில் பூட்ஸைக் கழுவுங்கள்.

கன்று செத்துவிட்டது. நஷ்ட ஈடு கிடைக்குமா?

தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். அரசாங்கம் அழிக்கச் சொன்ன கால்நடை வேறு, நோயில் செத்தது வேறு. கோமாரியில் பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கன்றுக்கு இதயம் பாதித்து உயிர் போகும். புதைக்கும் முன் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லி, படம் எடுத்து, எழுத்தில் ஓர் அறிக்கை கேளுங்கள். விவசாய வங்கியான அக்ரோபேங்கில் கடன் இருந்தால் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கவும் அந்தத் தாள் உதவும்.

நிலம் தோட்டத்துடையது. மாடுகளைத் துறையில் பதிய முடியுமா?

கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். மேனேஜரிடம் அனுமதிக் கடிதம் வாங்கப் பாருங்கள். கிராணி (தோட்டத்து எழுத்தர்) வாயால் "சரி" என்றது போதாது. லயத்து வீடுகளுக்குப் பின்னால் எத்தனை மாடு என்று துறைக்கே தெரியாவிட்டால், எத்தனை ஊசி கொண்டுவருவார்கள்?

பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கலாமா?

நோய் மாட்டின் பாலை விடுங்கள். மற்றதை நன்றாகக் காய்ச்சிக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு வரும் கை, கால், வாய்ப்புண் நோய் வேறு கிருமி, மாட்டிலிருந்து வருவதில்லை.

தீபாவளிக்குப் பினாங்கு வியாபாரி ஆடு கேட்கிறார். லோரியில் ஏற்றலாமா?

தடை இருக்கும்வரை ஒரு குட்டிகூடக் கூடாது. ஆட்டுக்குக் கோமாரி வந்தால் வெளியே அதிகம் தெரியாது, ஆனால் பரப்பும். தடை நீங்கினாலும் பெர்மிட் எடுத்த பிறகே வியாபாரியிடம் விலை பேசுங்கள்.